தோட்டாவை நாமே நிரப்பலாமா? டெல்டாக்காரருக்கு முன்னால் இருக்கும் நான்கு வழிகள்

என் மனைவியின் தம்பி மகன் டெக்சாஸில் வேலை பார்க்கிறான். போன பொங்கலுக்குக் கும்பகோணம் வந்தவன், ஊஞ்சலில் உட்கார்ந்து போனில் படம் காட்டினான். அவன் வீட்டுக் கார் கொட்டகையில் ஒரு கனமான மேசை, அதில் திருகிப் பொருத்திய கைப்பிடி இயந்திரம், பக்கத்தில் சின்னத் தராசு, டப்பா டப்பாவாகப் பித்தளைக் கூடுகள். சுட்டு முடித்த தோட்டாக் கூடுகளைப் பொறுக்கி வந்து, அவனே வெடிமருந்தும் குண்டும் வைத்துப் புதுத் தோட்டா ஆக்கிக்கொள்கிறானாம். கடையில் வாங்குவதைவிட மலிவு, குறியும் சுத்தம் என்றான். அப்புறம் கேட்டான்: “மாமா, நீங்களும் ரிட்டயர் ஆயாச்சு. நம்ம கொல்லையில இப்படி ஒண்ணு போட்டா என்ன?”

சிரித்துவிட்டேன். ஆனால் இதே கேள்வி வேறு வேறு வேஷத்தில் என்னிடம் வந்துகொண்டுதான் இருக்கிறது. மன்னார்குடிப் பக்கத்து நண்பர் ஒருவரிடம் தாத்தா காலத்து இரட்டைக் குழல் துப்பாக்கி இருக்கிறது. தோட்டா வாங்குவதே பெரும்பாடு, நாமே நிரப்பிக்கொண்டால் என்ன என்கிறார். தஞ்சாவூரில் கல்லூரிக்குப் போகும் பெண் ஒருத்தி, ஒலிம்பிக் போன துப்பாக்கி வீராங்கனை இளவேனில் வாலறிவன் கடலூரில் பிறந்தவர் என்று தெரிந்த நாளிலிருந்து, காற்றழுத்தத்தில் சுடும் ஏர் ரைபிளா, தோட்டா போட்டுச் சுடும் .22 அங்குல ரைபிளா என்று தடுமாறுகிறாள். மூவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

## எதை வைத்து எடை போடுவது

முதலில் காகிதம். சட்டம் விடுமா, விட்டால் எத்தனை அலுவலகப் படி ஏற வேண்டும்?

இரண்டாவது, நான் எல்லாவற்றையும்விடப் பெரிதாக எண்ணுவது: மாதத்துக்கு எத்தனை வெடி? குறி பார்ப்பது வீணை மாதிரி, தினம் கை வைத்தால்தான் வரும். பத்து லட்ச ரூபாய்த் துப்பாக்கியை வருஷத்துக்கு இரண்டு முறை எடுப்பவரை, சாதாரண ஏர் ரைபிளில் தினம் நாற்பது பெல்லட் (அதற்குரிய சின்ன ஈயக் குண்டு) சுடுகிற பையன் சுலபமாகத் தோற்கடிப்பான். துப்பாக்கி வாங்க நினைக்கும் யாரும் இந்தக் கணக்கைப் போடுவதில்லை. குழலின் பளபளப்பைப் பார்ப்பதோடு சரி.

மூன்றாவது செலவு. கடைக்காரர் சொல்வதும் சொல்லாததும். நான்காவது, வீட்டில் குழந்தைகள், மாடு கன்று இருக்கும் இடத்தில் என்ன ஆபத்து.

## முதல் வழி: தோட்டாவை நாமே நிரப்புவது

அமெரிக்காவில் இது ஏன் பொழுதுபோக்கானது என்று புரிந்துகொண்டால்தான் இங்கே ஏன் ஆகாது என்பதும் புரியும். ஒரு தோட்டாவில் நான்கு உறுப்புகள்: பித்தளைக் கூடு, அதன் அடியில் பற்றவைக்கும் சின்ன கேப்பு, உள்ளே மருந்து, மேலே குண்டு. சுடும்போது மற்ற மூன்றும் போய்விடும், கூடு மட்டும் மிஞ்சும். பெரும்பாலும் விலை அதிகமானதும் அந்தக் கூடுதான். அதைப் பழைய அளவுக்கு அழுத்தி எடுத்து மீண்டும் மீண்டும் பயன்படுத்துவதில்தான் மிச்சம் பிடிக்கிறார்கள். மருந்தை ‘கிரெய்ன்’ கணக்கில் நிறுப்பார்கள். ஒரு பவுண்டுக்கு 7000 கிரெய்ன். கைத்துப்பாக்கித் தோட்டா ஒன்றுக்கு நான்கைந்து கிரெய்ன் போதும் என்றால், ஒரு டப்பா மருந்தில் ஆயிரத்துக்கு மேல் தோட்டா வந்துவிடும்.

ரைபிள்காரர்களுக்கு மலிவைவிடப் பெரிய இழுப்பு வேறு. ஒவ்வொரு குழலுக்கும் ஒரு குணம். அதற்கு எந்தக் குண்டு, எந்த மருந்து ஒத்துப்போகிறது என்று மாற்றி மாற்றிச் சுட்டுப் பார்த்து, ஐந்து குண்டும் ஒரே ஓட்டையில் விழும் வரை விடமாட்டார்கள். நல்ல டிகிரி காபிக்கு டிகாஷன் பதம் தேடுகிற ஆசாமிகள் நம் ஊரில் இல்லையா, அந்த ஜாதி.

மறைந்த செலவு அங்கேயும் உண்டு. இயந்திரம், தராசு, ஒவ்வொரு அளவுத் தோட்டாவுக்கும் தனி அச்சு. சாதாரண இயந்திரத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் ஐம்பது முதல் நூறு தோட்டா. 2020க்குப் பிறகு இரண்டு வருஷம் கேப்பு கிடைக்காமல் மேசை முழுக்கச் சாமானோடு பலர் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். “மிச்சம் எவ்வளவுடா?” என்று டெக்சாஸ் மாப்பிள்ளையிடம் கேட்டேன். ஒரு தோட்டாவுக்கு மிச்சம்தான், ஆனால் முன்னைவிட இரண்டு மடங்கு சுடுகிறேன் என்றான். அப்படியானால் பையிலிருந்து போவது கூடியிருக்கிறது என்றுதானே அர்த்தம்!

ஆபத்து வெளிப்படையானது. கைத்துப்பாக்கிக் கூட்டில் மருந்து பாதிகூட நிறையாது. கவனம் பிசகி இரண்டு முறை போட்டுவிட்டால் வழியாது, கண்ணுக்கும் தெரியாது. சுடும்போது துப்பாக்கியே கையில் வெடிக்கும். வீட்டில் நிரப்பிய தோட்டாவைப் போட்டுக் கெட்டுப்போனால் நாங்கள் பொறுப்பில்லை என்று துப்பாக்கி செய்யும் நிறுவனங்கள் பலவும் கையேட்டிலேயே எழுதிவிடுகின்றன.

சரி, நம் ஊருக்கு வருவோம். அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்கு நிரப்ப மத்திய உரிமம் தேவையில்லை, விற்றால்தான் தேவை. நம்முடைய 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம் அப்படிப் பிரித்துப் பார்ப்பதில்லை. தோட்டா தயாரிப்புக்கு உரிமம் வேண்டும் என்கிறது 5ஆம் பிரிவு. மீறினால் 25ஆம் பிரிவில், 2019 திருத்தத்துக்குப் பிறகு, குறைந்தது ஏழு வருஷம், அதிகபட்சம் ஆயுள். இதைவிட எனக்கு ஆச்சரியம் தந்தது அந்தச் சட்டம் ‘தோட்டா’ என்ற சொல்லுக்குக் கொடுக்கும் விளக்கம். தோட்டாவின் பாகங்களும், அதைத் தயாரிக்கும் இயந்திரமும்கூட அந்தச் சொல்லுக்குள் வந்துவிடுகின்றன. அதாவது ஒரு சிட்டிகை மருந்து இல்லாமல் அந்த இயந்திரத்தை மட்டும் கொல்லையில் பூட்டி வைத்தாலும் வம்புதான். வெடிமருந்துக்குத் தனியாக 1884ஆம் வருஷச் சட்டம் காத்திருக்கிறது.

“இயந்திரத்தை மட்டும் பெட்டியில போட்டு எடுத்துட்டு வரேன் மாமா” என்று அவன் ஆரம்பித்ததும் நான் பேச்சை நிறுத்தியது இதனால்தான். வெளிநாட்டிலிருந்து வரும் நம் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: அங்கே சுடும் மைதானத்துக்கு எடுத்துப்போன பையையே ஊருக்கும் எடுத்து வராதீர்கள். மடிப்பில் மறந்துபோன ஒற்றைத் தோட்டா விமான நிலைய ஸ்கேனரில் தெரிந்தால், ஊர்ப் பயணம் காவல் நிலையத்தில் தொடங்கும்.

இந்த வழி யாருக்கு நல்லது? அதற்கு அனுமதி தரும் சட்டம் உள்ள நாட்டிலேயே குடியிருப்பவருக்கு. டெல்டாவில் யாருக்கும் இல்லை.

## இரண்டாம் வழி: தாத்தாவின் இரட்டைக் குழல்

மிராசுதார் வீடுகளில் இன்னும் சில இருக்கின்றன. மாமரத் தோப்புக்கும் நெற்களத்துக்கும் காவலாக இருந்தவை. மன்னார்குடி நண்பருடையது ‘12 போர்’ என்ற குழல் அளவு. எடுத்துப் பிடித்தால் கையில் உட்காருகிற அழகே தனி.

காகிதம்: பெரியவர் காலமானால் துப்பாக்கி தானாக மகனுக்கு வந்துவிடாது. போலீஸ் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைத்துவிட்டு, வாரிசுச் சான்றோடு உரிமத்துக்கு மனுப் போட வேண்டும். மாவட்டத்தில் கலெக்டர், திருச்சி மாநகருக்குள் என்றால் கமிஷனர். உரிமம் இப்போது ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பு. ஒருவர் அதிகபட்சம் இரண்டு துப்பாக்கிதான் வைத்திருக்கலாம். முன்பு மூன்று, 2019இல் குறைத்தார்கள். வருஷத்துக்கு எத்தனை தோட்டா வாங்கலாம், ஒரு சமயத்தில் எத்தனை வைத்திருக்கலாம் என்பது உரிமப் புத்தகத்திலேயே எழுதியிருக்கும்.

யாரும் சொல்லாத செலவு தேர்தல். சட்டமன்றமோ நாடாளுமன்றமோ, தேதி அறிவித்ததும் துப்பாக்கியை நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். திரும்ப வாங்க அலைச்சல், வாங்கும்போது குழலில் துரு. நண்பருடையது ஒரு முறை மழைக்காலம் முழுவதும் அங்கேயே இருந்துவிட்டு, உள்ளே சிவப்புப் பொடியோடு வந்து சேர்ந்தது. காவிரித் தண்ணீரும் ஐப்பசி மழையும் சேர்ந்த ஈரத்தில், எண்ணெய் போடாத இரும்பு ஒரு மாதம் தாங்காது.

இன்னொரு விஷயம், உயிர் சம்பந்தப்பட்டது. பழைய இங்கிலீஷ் துப்பாக்கிகள் பலவற்றின் தோட்டா அறை இரண்டரை அங்குலம். இன்று சாதாரணமாகக் கிடைக்கும் 12 போர் தோட்டா, சுடும்போது முனை விரிந்தால் இரண்டே முக்கால் அங்குலம். போட்டால் உள்ளே போகும், மூடவும் மூடும். ஆனால் விரிய இடமில்லாமல் அழுத்தம் எக்கச்சக்கமாக ஏறும். தாத்தா துப்பாக்கியை, தெரிந்த ஆயுதப் பழுதுக்காரர் அளந்து பார்க்காமல் சுடவே கூடாது. பீரோவில் கிடக்கும் பழைய காகிதக் கூட்டுத் தோட்டாக்களும் ஈரத்தில் உப்பியிருக்கும். அவற்றை வைத்து வீரம் வேண்டாம். உள்நாட்டில் கிடைக்கும் ‘சக்திமான்’ தோட்டா புனே பக்கத்துக் கிர்க்கி தொழிற்சாலையில் தயாராவது. உரிமப் புத்தகத்தைக் காட்டிக் கடையில் வாங்க வேண்டியதுதான்.

நண்பர் நாமே நிரப்பலாம் என்று சொன்னதற்கு ஊர்ப் பழக்கம் ஒரு காரணம். முன்குழாய் வழியாக மருந்து போட்டு, தென்னை நார் வைத்துக் கிட்டித்து, ரவை (சிறு குண்டுகள்) போடும் நாட்டுத் துப்பாக்கியை அவர் சின்ன வயதில் பார்த்திருக்கிறார். அந்த வகைக்கும் பயிர்க்காவலுக்கென்று உரிமம் சட்டத்தில் உண்டு, அதைச் சுடும்போது நிரப்புவதுதான் அதன் இயல்பே. அதையும் 12 போர் தோட்டா செய்வதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது என்று சொல்லி அவரை உட்கார வைத்தேன்.

இப்போது என் கணக்கு: மாதம் எத்தனை வெடி? வேட்டை 1972 வனவிலங்குச் சட்டத்தோடு போயிற்று. வயலில் நின்று சும்மா சுட முடியாது. தட்டு எறிந்து சுடும் ‘டிராப்’ போட்டிக்கு இதே 12 போர்தான் வேண்டும், புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் அதில்தான் 2024 பாரிஸ் ஒலிம்பிக் வரை போனார். ஆனால் அதற்கென்று அமைந்த மைதானம் வேண்டும், தோட்டா ஒரு நாளைக்கே நூற்றுக்கணக்கில் கரையும். டெல்டாவில் வீட்டுத் துப்பாக்கி வைத்திருப்பவரின் மாதக் கணக்கு பெரும்பாலும் பூஜ்யம். ஏற்கெனவே வீட்டில் இருந்தால், தாத்தா நினைவுக்காக, காகிதத்தை ஒழுங்காக வைத்துக் காப்பாற்றுங்கள். பொழுதுபோக்குக்காகப் புதிதாக இதில் இறங்காதீர்கள்.

## மூன்றாம் வழி: ரைபிள் கிளப்பும் .22ம்

திருச்சியில் ரைபிள் கிளப் இருக்கிறது. 2022 ஜூலையில் மாநிலப் போட்டிக்கு நடிகர் அஜித்குமார் அங்கே வந்தபோது கூடிய கூட்டத்தைப் பார்த்துத்தான் டெல்டாவில் பாதிப் பேருக்கு அப்படி ஓர் இடம் இருப்பதே தெரிந்தது. உறுப்பினரானால் கிளப்பின் துப்பாக்கியை, கிளப் எல்லைக்குள், கிளப் உரிமத்தில் சுடலாம். சொந்த உரிமத்துக்கு முன்னால் உங்களுக்கு இது பிடிக்கிறதா என்று பார்த்துக்கொள்ள இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது.

நிரப்புகிற ஆசை உள்ளவர்களுக்கு ஒரு வேடிக்கை. 50 மீட்டர் ரைபிளும் 25 மீட்டர் பிஸ்டலும் பெரும்பாலும் சுடுவது .22 ரிம்ஃபயர் தோட்டாதான். அதில் கேப்பு என்று தனியாகக் கிடையாது. பற்றும் ரசாயனம் கூட்டின் அடி விளிம்புக்குள்ளேயே பூசியிருக்கும், சுடும்போது அந்த விளிம்பு நசுங்கிவிடும். ஆகவே டெக்சாஸிலேயே அதை யாரும் திரும்ப நிரப்புவதில்லை. சுட்டால் கூட்டைத் தொட்டியில் போடுவதோடு சரி. எல்லோரும் டப்பாவாகத்தான் வாங்குகிறார்கள். ஒரு டப்பாவுக்கு ஐம்பது.

மறைந்த செலவு தூரம். தஞ்சாவூரிலிருந்து திருச்சி ஐம்பத்தைந்து கிலோமீட்டர் போல. கும்பகோணத்திலிருந்து தொண்ணூறு. நாகப்பட்டினத்திலிருந்து நூற்று நாற்பது. நான் முயன்று பார்த்தேன். காலையில் கிளம்பி, சுட்டு, சாப்பிட்டு, திரும்பும்போது ஞாயிற்றுக்கிழமை முடிந்துவிடும். மாதத்துக்கு இரண்டு ஞாயிறு, ஒவ்வொன்றிலும் அறுபது வெடி என்றால் நூற்று இருபது. மூன்றாவது மாதம் ஒரு கல்யாணம், நான்காவது மாதம் நாற்று நடவு, ஐந்தாவது மாதம் நான் போகவே இல்லை. சந்தா மட்டும் போயிற்று. தஞ்சாவூர், திருவெறும்பூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, அவர்கள் தாராளமாகச் சேரலாம். திருவெறும்பூரில் ராணுவத்துக்கு ரைபிள் செய்யும் தொழிற்சாலையே 1966இலிருந்து இருக்கிறது, என்றாலும் அதற்கும் நமக்கும் சம்பந்தமில்லை. நிறையப் பேர் கேட்கிறார்கள், அதனால் சொன்னேன்.

## நான்காம் வழி: ரேழியில் ஏர் ரைபிள்

என் ஓட்டு இதற்குத்தான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

4.5 மில்லிமீட்டர் (0.177 அங்குலம்) குழல், 20 ஜூலுக்கு மேற்படாத சக்தி: இந்த இரண்டுக்குள் இருந்தால் 2016 ஆயுத விதிகளின்படி உரிமம் வேண்டாம். கடையில் அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் வாங்கிப் பதிவு செய்துகொள்வார்கள், அந்த ரசீதைப் பத்திரமாக வையுங்கள். 10 மீட்டர் போட்டி ரைபிள் எட்டு ஜூல் பக்கம்தான். ‘.22 ஏர் கன்’ என்று பழசாக யாராவது விற்றால் வாங்காதீர்கள், அந்த அளவுக்கு உரிமம் தேவை. கிளப்பில் சுடும் .22 தோட்டாத் துப்பாக்கி வேறு, இது வேறு. பெயர் ஒன்றானதால் ஏமாறுகிறவர்கள் அதிகம்.

இடம்? நம் அக்ரஹாரத்து, தெருவீட்டு அமைப்பே இதற்காகக் கட்டியது போலிருக்கிறது. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், இரண்டாம் கட்டு, கொல்லை எல்லாம் ஒரே கோட்டில். வாசலில் நின்றால் கொல்லைக் கிணறு தெரியும். பத்து மீட்டர், அதாவது முப்பத்து மூன்று அடி, தாராளமாகக் கிடைக்கும். கொல்லைக் கதவைத் தாழிட்டு, வீட்டில் எல்லோரும் நம் முதுகுக்குப் பின்னால் இருக்கிறார்கள் என்று தெரிந்த பிறகுதான் பெல்லட்டைத் தொட வேண்டும். விளையாட்டுச் சாமான் என்று நினைத்தால் கண் போய்விடும்.

என் முட்டாள்தனம் ஒன்றைச் சொல்கிறேன். ஆரம்பத்தில் இலக்குக்குப் பின்னால் தவிட்டு மூட்டையைச் சாத்தி வைத்துச் சுட்டேன். பெல்லட் நன்றாகப் புதைந்தது, சத்தமும் இல்லை. மாட்டுக்குத் தவிடு கலக்கப் போன என் மனைவி கையில் நாலைந்து ஈயத் துண்டோடு வந்து நின்றாள். ஈயம் மாட்டுக்கு விஷம். மூட்டையோடு தவிடு குப்பைக்குப் போயிற்று, நான் இரண்டு நாள் தலை நிமிரவில்லை. இப்போது பட்டறையில் சொல்லி, உள்தகடு சாய்வாக வைத்த இரும்புப் பெட்டி செய்து வைத்திருக்கிறேன். நேர்த்தகடு வைத்தால் பெல்லட் திரும்பித் தெறிக்கும். ஒரு பெல்லட் 0.53 கிராம் போல, மாதம் ஆயிரம் சுட்டால் அரைக் கிலோவுக்கு மேல் ஈயம் சேர்கிறது. சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் சோற்றுத் தட்டில் உட்காரக் கூடாது.

விலை: உள்நாட்டு ஸ்பிரிங் ரைபிள் சில ஆயிரத்தில் தொடங்குகிறது. மடக்கி இழுத்துச் சுடுவது. பயிற்சிக்கு ஒரு வருஷம் ஓட்டலாம், ஆனால் சுடும்போது உள்ளே ஸ்பிரிங் உதைப்பதால் குறி ஆடும். போட்டிக்கு உரிய வெளிநாட்டு ரைபிள் இரண்டு லட்சத்துக்கு மேல். அது 200 பார் அழுத்தக் காற்றில் ஓடுவது, ஆகவே கைப்பம்போ சிலிண்டரோ தனிச் செலவு. எனக்குக் கைப்பம்பு, அதுவே உடற்பயிற்சி.

நிரப்புகிறவர்களின் நுணுக்க ஆசை இங்கே சட்டப்படி தீரும் என்பதை மாப்பிள்ளைக்குக் காட்டினேன். பெல்லட் தலை அளவு 4.49, 4.50, 4.51 என்று நூறில் ஒரு பங்கு வித்தியாசத்தில் வருகிறது. ரைபிளை அசையாமல் பிடித்துக்கட்டி, ஒவ்வொரு டப்பாவிலும் பத்துப் பத்தாகச் சுட்டு, எதில் ஓட்டைகள் நெருங்கி விழுகின்றன என்று பார்க்க வேண்டும். பிடித்த டப்பாவின் தயாரிப்புத் தொகுதி எண்ணிலேயே நாலைந்து டப்பா வாங்கிப் போட வேண்டும். மில்லிகிராம் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்துப் பிரிக்கவும் செய்யலாம். உண்மையைச் சொன்னால், பத்து மீட்டரில் நிறுப்பதால் கிடைப்பது கொஞ்சம்தான், தொகுதி தேர்வதால் கிடைப்பது அதிகம். ஆனாலும் மழை பெய்கிற சாயங்காலம் உட்கார்ந்து நிறுப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர். பொன்னி அரிசியின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. சும்மா சொல்லவில்லை, ஒரு அரிசியை ஒட்டிப் பார்த்தேன்.

உரிமம் வேண்டாம் என்பதால் கொக்கு, மடையான், மயில் என்று பார்த்ததையெல்லாம் சுடலாம் என்று நினைப்பவர்கள் வனவிலங்குச் சட்டத்தில் மாட்டுவார்கள். மாட்டவும் வேண்டும்.

## ஒரே பார்வையில்

| வழி | காகிதம் | மாதம் எத்தனை வெடி | சொல்லாத செலவு | யாருக்கு |
|---|---|---|---|---|
| வீட்டில் நிரப்புவது | இங்கே குற்றம் | பேச்சே இல்லை | சிறை | அனுமதியுள்ள நாட்டில் குடியிருப்பவர் |
| பழைய 12 போர் | உரிமம், வாரிசு மாற்றம், புதுப்பிப்பு | பெரும்பாலும் 0 | தேர்தல் ஒப்படைப்பு, துரு, அறை அளவு | ஏற்கெனவே வைத்திருப்பவர் |
| கிளப் .22 | உறுப்பினர் ஆனால் போதும் | 120 போல | தூரம், ஞாயிற்றுக்கிழமை | தஞ்சை, திருச்சி சுற்றுவட்டாரம் |
| வீட்டில் ஏர் ரைபிள் | ரசீதும் அடையாளச் சான்றும் | 1000 வரை | ஈயம், தடுப்புப் பெட்டி, காற்று நிரப்பல் | மற்ற எல்லோரும் |

கல்லூரிப் பெண்ணுக்கு நான் சொன்னது: வாரநாட்களில் வீட்டில் ஏர் ரைபிள், மாதம் ஒரு ஞாயிறு கிளப்பில் பயிற்சியாளர் கண்முன்னால் சுட்டு நிற்கும் முறையைத் திருத்திக்கொள்வது. தவறான நிலையில் ஆயிரம் சுட்டால் அந்தத் தவறுதான் ஆழமாகப் பதியும். .22 ஆசை ஒரு வருஷம் கழித்தும் இருந்தால் அப்போது யோசிக்கலாம். மன்னார்குடி நண்பர் துப்பாக்கியை அளக்கக் கொடுத்திருக்கிறார், வாரிசு மனுவும் போட்டாயிற்று.

மாப்பிள்ளை ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின ராத்திரி ரேழியில் பத்து பெல்லட் சுட்டான். டெக்சாஸில் முந்நூறு கெஜத்தில் சுடுகிற ஆள், இங்கே முப்பத்து மூன்று அடியில் ஆறு ஒன்பது புள்ளியும் நாலு எட்டுப் புள்ளியும். காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். “மாமா, இது அங்க என்ன விலைன்னு பாக்கறேன்” என்றான்.